ஜூலை 83-ஐப் பார்க்காத பிள்ளைகள் அதை மறக்க முடியுமா?

திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் 2022 செப்டம்பரில் இலங்கைத் தமிழர்களுக்காக 321 புது வீடுகள் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறிவிட்டது. இரண்டுமே நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகள் பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. பிறகு ஏன் இன்னும் முகாம்?

என்ன நடந்தது?

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்தில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் கொழும்பில் கலவரம் வெடித்தது. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அந்தக் கலவரத்துக்கும் அதையடுத்து வந்த போருக்கும் தப்பிய பல்லாயிரம் பேர் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள்.

பதினைந்து மாதம் கழித்து, இந்திரா காந்தி கொலையான பிறகு, டெல்லியில் சீக்கியர்களுக்கும் இதேதான் நடந்தது. அங்கேயும் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் வீடுகளை அடையாளம் கண்டார்கள்.

அப்புறம் என்ன வித்தியாசம்?

சீக்கியர்கள் இந்தியக் குடிமக்கள். வழக்கு போட்டார்கள், ஓட்டு போட்டார்கள். 2005-ல் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டார். 2018-ல் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 34 வருஷம் தாமதம்தான். ஆனாலும் 1984-க்குப் பிறகு பிறந்த ஒரு சீக்கிய இளைஞர் அதை நினைவில் வைத்துப் போராடலாம். 'போதும்' என்று நகர்ந்தும் போகலாம். முடிவு அவர் கையில்.

முகாம் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அரசு வேலை, பாஸ்போர்ட், ஓட்டு என்று எந்த விண்ணப்பத்தைத் தொட்டாலும், தான் பார்க்காத 83-ல் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் தாத்தா அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டாலும், அந்த விண்ணப்பம் ஞாபகப்படுத்திவிடும்.

என்ன செய்யலாம்?

'பழசை மறந்துட்டு முன்னேறுங்க' என்று சொல்வது சுலபம். மறப்பதற்கும் காலூன்ற ஒரு மண் வேண்டும். அன்று கொழும்பில் பட்டியலில் பெயர் இருந்ததால் வீடு எரிந்தது. இன்று திண்டுக்கல்லில் வீடு இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. இங்கே பிறந்தவர்களுக்காவது முதலில் குடியுரிமை கொடுப்போம். நினைப்பதா, மறப்பதா என்பதை அப்புறம் அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.