பூட்டிய கதவுக்கு அழைப்பாணை

பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர்களில், மழை பொய்த்த ஆண்டுகளிற் பூட்டிய கதவுகளைக் காண்பது அரிதன்று. ஒகேனக்கலிற் காவிரி இரைந்து வீழ, அதற்கு அணித்தாகவே மேட்டுப் புன்செய்கள் வானம் பார்த்துக் கிடக்கின்றன. உழவரும் கூலியாளரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பின்னலாடைத் தொழிலுக்குமாக மனைவி மக்களோடு பெயர்கின்றனர். அத்தகையான் ஒருவன்மேற் கடனுக்கோ நிலப்பங்கிற்கோ வழக்குத் தொடுக்கப்பெறின், அழைப்பாணை அவன் கையைச் சென்றடைவது யாங்ஙனம்?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஐந்தாம் கட்டளை 20-ஆம் விதியில் இதற்கு வழி கூறுகின்றது. எதிர்வழக்கன் ஒளிந்து திரிகின்றான் என்றோ, வழக்கமான முறையிற் சார்வு செய்ய இயலாதென்றோ முறைமன்றம் தெளியுமாயின், ஆணையின் படியை மன்றத்திலும் அவன் இறுதியாகக் குடியிருந்த வீட்டிலும் ஒட்டலாம், நாளிதழிலும் வெளியிடலாம். அது நேரிற் கொடுத்ததற்கு ஒப்பாகும். குறித்த நாளில் அவன் வாராவிடின் ஒருதலைத் தீர்ப்பு!

ஏய்ப்பவனைப் பிடிக்க இவ்வழி வேண்டுவதே. ஆனால் ஒளிந்தவனுக்கும் உழைக்கச் சென்றவனுக்கும் ஒரே தாளையா ஒட்டுவது? இது கடைசி வழியாகவே கையாளப்பெறல் வேண்டும் என்று உச்ச முறைமன்றமே கூறியுள்ளது. முகவரி தெரியவில்லை என்னும் ஒருவரி உறுதிமொழியைக் கொண்டு மன்றம் அமைந்துவிடலாகாது. எந்த ஊரில் எந்த மேத்திரியிடம் வேலை செய்கின்றான் என்பதை அண்டைவீட்டாரைக் கேட்டாலே சொல்லிவிடுவர். 1976-ஆம் ஆண்டுத் திருத்தமும், அவன் இறுதியாகக் குடியிருந்த, அல்லது தொழில் நடத்திய, அல்லது கூலிக்கு உழைத்த இடத்திற் பரவும் நாளிதழையே குறிக்கின்றது. எனின், பெங்களூரில் உழைப்பவனுக்குத் தருமபுரிப் பதிப்பில் மட்டும் அறிவிப்பிடுவது எவர் கண்ணிற்பட?

அந்நாளிதழ் எம்மொழியினதாக இருத்தல் வேண்டும் என்பது பற்றி அவ்வுட்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கில நாளிதழில் வெளியிட்டாலும் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடும். தமிழ் நாளிதழில் வந்தாலோ, "பிரதிவாதி ஆஜராகத் தவறினால் எக்ஸ்பார்ட்டியாகத் தீர்மானிக்கப்படும்" என்கின்றனர். வடமொழி ஒன்று, அரபு ஒன்று, இலத்தீன் ஒன்று. ஒருவரிக்குள் மூன்று அயன்மொழி! "எதிர்வழக்கர் மன்றத்தில் முன்னிற்கவில்லையெனில் அவரைக் கேளாமலே தீர்ப்பளிக்கப்படும்" என்றெழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமியும் தன் தந்தைக்குப் பொருள் சொல்லிவிடுவாளே! ஆட்சிமொழிச் சட்டம் 1976-இற் திருத்தம் பெற்றுக் கீழ்மன்றத் தீர்ப்புகட்கே தமிழ் உரித்தாகிய பின்னும், அழைப்பிற்கு ஏன் இக்கலவை?

ஊரை விட்டுப் பெயர்ந்தோர் அறியவேண்டுவது ஒன்றுண்டு. ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்டற்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 123-ஆம் உறுப்பில், தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள் தருகின்றது. அழைப்பாணை முறையாகச் சாராவிடின், தீர்ப்பை அவன் அறிந்த நாளிலிருந்தே அந்த 30 நாள் தொடங்கும். ஒட்டியும் இதழில் வெளியிட்டும் செய்த மாற்றுச் சார்வு இதன்பொருட்டு முறையான சார்வாகாது என்று அவ்வுறுப்பின் விளக்கமே தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே பொங்கலுக்கு ஊர் திரும்பிக் கதவில் வெளுத்த தாளைக் காண்பவன், செய்தி அறிந்த அந்நாளையே குறித்துக்கொண்டு, காலந்தாழ்த்தாது ஒரு வழக்குரைஞரை அணுகுதல் வேண்டும்.