கலர் போனால் கம்ப்யூட்டரே போச்சா?

புதுக் கம்ப்யூட்டரில் கலருக்காக மதர்போர்டைத் தொட வேண்டியதே இல்லை. ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக நிறங்கள் எண்களாகவே மானிட்டருக்குப் போய்விடுகின்றன. டிவியில் இணைத்த பழைய கம்ப்யூட்டர்கள் அப்படியல்ல.

1984-ல் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவைப் பாருங்கள். அதன் போர்டில் வி.சி.1 என்ற சின்ன டிரிம்மர் கெப்பாசிட்டர் உண்டு. 17.73 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் வேகத்தைச் சரிசெய்வது இதுதான். அதில் நான்கில் ஒரு பங்கு, 4.43 மெகாஹெர்ட்ஸ், பி.ஏ.எல். டிவியின் கலர் சிக்னல். வயதாகி இது விலகினால் டிவி கலரை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளையில் காட்டும்.

இதற்காகக் கம்ப்யூட்டரையே எடைக்குப் போடுவது அநியாயம் என்பேன். சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு இதற்கு வேறு போர்டு தேட முடியுமா? இருப்பதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம்.

ஆனால் எடுத்த எடுப்பில் திருகாதீர்கள். இதன் காம்போசிட் வீடியோ சாக்கெட்டில் ஆரம்பத்திலிருந்தே கறுப்பு வெள்ளைதான் வரும், அது பழுதல்ல. ஆர்.ஜி.பி. மானிட்டரில் கலர் சரியாக வந்தால் கோளாறு டிவிக்கான பகுதியில் மட்டுமே.

திருகத்தான் வேண்டுமென்றால், பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திருப்புங்கள். உலோகம் பட்டாலே அளவு மாறும். பெட்டிக்குள்ளேயே 230 வோல்ட் பவர் சப்ளை இருக்கிறது. அனுபவமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கலரைவிட உயிர் பெரிது!