மலைக்குப் போங்கள்; வழிகாட்டிக் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்!



எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால் ஜெராய் மலை தெரியும். கெடாவில் பீடோங், குரூண், சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த மலையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உயரம் 1,217 மீட்டர். அந்தக் காலத்துக் கப்பலோட்டிகள் கடலில் இருந்தபடி இந்த மலையைப் பார்த்துத்தான் கரையைக் கண்டுபிடித்தார்கள். அதன் அடிவாரத்தில், மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டி, புக்கிட் பாத்து பஹாட் என்ற பழைய கோயிலின் கல் அடித்தளம் இன்றும் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம் இந்தப் பகுதிதான் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள்.

இவ்வளவு பெருமை உள்ள மலையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? மழை வருமா வராதா என்று பார்ப்பதற்கு. மலை மேகத் தொப்பி போட்டால் அன்றைக்குப் பால் வெட்டு நிற்கும், தொப்பி இல்லாவிட்டால் வேலை உண்டு. மூன்று தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதன் மேல் கால் வைத்தவர் நம் லயத்தில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நாள் பூரா காட்டுலதான் நடக்கிறோம். லீவு நாள்லயும் காடா? அதுக்குக் காசு வேறயா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு மலையேறுவது வெள்ளைக்காரச் சுற்றுப்பயணிகளும் பட்டணத்துக் காசுக்காரர்களும் செய்கிற வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. மலைக்குப் போவது நமக்கு நல்லது. வழிகாட்டி இல்லாமல் போவது ஆபத்து. அவர் கூலி ஆடம்பரச் செலவு அல்ல. இந்த மாதம் இந்தப் பகுதியில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில் உடம்பு விஷயத்தைப் பார்ப்போம். வேலை வேறு, உடற்பயிற்சி வேறு. மரம் வெட்டும்போதும் செம்பனைக் குலை தள்ளும்போதும் ஒரே பக்கத்துத் தோளும் ஒரே பக்கத்து இடுப்பும்தான் அடிபடுகின்றன. மனமோ எடையையும் கணக்கையும் நினைத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இதுகூட இல்லாதவர்களும் தோட்டத்தில் உண்டு. ஆபீஸில் உட்காருபவர்கள், ஜாகா வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற பிறகு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்கள், இவர்களெல்லாம் நடப்பதே கிடையாது. 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடையே அதைவிட அதிகம்.

ஒரு நாள் மலையேறினால் இனிப்பு நீர் குறைந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பலன் தருவது அதற்கு முந்திய தயாரிப்பு. 'அடுத்த மாதம் மலைக்குப் போகிறோம்' என்று நாள் குறித்துவிட்டால், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க ஒரு காரணம் கிடைக்கிறது. 'உடம்புக்கு நல்லது, நட' என்று டிரசர் சொன்னால் யாரும் நடப்பதில்லை. மலை கூப்பிட்டால் நடக்கிறார்கள். நான் கண்ணால் கண்டது இது.

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்திலிருந்து பத்துப் பேர் ஜெராய்க்குப் போனோம். நான்கு பெண்கள், மூன்று இளைஞர்கள், நாற்பது வயதைத் தாண்டிய மூன்று ஆண்கள். காட்டு இலாகா பயிற்சி கொடுத்துப் பதிவு செய்யும் மலை வழிகாட்டிகள் இருக்கிறார்கள். மலாயில் 'மாலிம் குனோங்' என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரை எங்களுக்கென்று தனியாகப் பேசினோம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மலாய்க்காரர். ஒரு நாள் கூலி 200 வெள்ளி கேட்டார். தலைக்கு 20 வெள்ளி.

நம்மவர்கள் உடனே பேரம் பேச ஆரம்பித்தார்கள். 'நூற்றைம்பது', 'நூற்றிருபது' என்று இழுத்தார்கள். அப்போது எங்கள் தோட்டத்தில் 28 வருடமாகப் பால் வெட்டும் ஓர் அக்காள் குறுக்கிட்டார். "நம்ம கூலியில யாராச்சும் இப்படிக் கை வச்சா சங்கத்துக்கு ஓடுறோம். அந்த மனுசன் கூலியில நாம கை வைக்கலாமா?" என்றார். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. 20 வெள்ளி நமக்குச் சின்னக் காசு அல்ல. ஆனால் நியாயக் கூலி என்பது நமக்கு மட்டும் உள்ள உரிமையா?

அடிவாரத்தில் அந்தப் பாக்சிக் முதலில் கேட்ட கேள்வி, "யார் யார் மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்பது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரி உதவியாளன் நான். நான் அல்லவா அதைக் கேட்டிருக்க வேண்டும்? நம்மில் ஓர் அண்ணன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். காலையில் இனிப்பு நீர் மாத்திரை போட்டுவிட்டார், ஆனால் பசியாறவில்லை. வெறும் வயிறாக இருந்தால் ஏறுவது சுலபம் என்று யாரோ சொன்னார்களாம். பாக்சிக் அவரை உட்கார வைத்து, ஒரு பொட்டலம் நாசி லெமாக் முழுவதும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நகர்ந்தார்.

அடுத்து அவர் செய்த காரியம், எங்களில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டது. இளைஞர்கள் பின்னால். "முன்னால் போகிறவர் நடைதான் எல்லார் நடையும்" என்று சொல்லிவிட்டார். தனியாக வழிகாட்டி வைப்பதில் உள்ள பெரிய லாபம் இதுதான். முன்பின் தெரியாத கூட்டத்தோடு சேர்ந்து போனால் கால் வலுத்தவர்கள் ஓடுவார்கள். நம்மவர்கள் மானத்துக்குப் பயந்து மூச்சு வாங்க வாங்கப் பின்னாலேயே ஓடுவார்கள். நெஞ்சு வலி அப்படித்தான் வருகிறது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தால் அது சரியான வேகம். பேச முடியாமல் மூச்சு முட்டினால் நிற்க வேண்டும்.

மேலே போனோம். அடிவாரத்தைவிட ஏழு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. ஒரு பக்கம் யான் வயல்வெளியும் அதற்கு அப்பால் கடலும். தூரத்தில் மங்கலாக லங்காவி, தெற்கே பினாங்கு. இன்னொரு பக்கம் செம்பனையும் கித்தா மரமும் பாய் விரித்த மாதிரி. அந்த அக்காள் ரொம்ப நேரம் தேடி, நம் தோட்டத்தைக் கண்டுபிடித்தார். "டிரசர் ஐயா, 28 வருசமா இந்தக் கைக்குட்டை அளவு இடத்துக்குள்ளயா சுத்திக்கிட்டு இருந்தேன்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது. இந்த மனநலத்துக்கு என்னிடம் மாத்திரை கிடையாது.

இறங்கும்போதுதான் தகராறு. வழியில் ஓர் ஓடை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இளைஞர்கள் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். பாக்சிக் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "வேண்டாம், இறங்கி நடங்கள்" என்றார். மலை தொப்பி போட்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். அடிவாரக் கடையில் தே தாரேக் குடித்து முடிக்கும்வரை ஒரு சொட்டு மழை இல்லை. ஓடை பெருகியதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. "20 வெள்ளி குடுத்தும் குளிக்க விடல, வீணாப் போச்சு" என்று ஒரு தம்பி வருத்தப்பட்டான்.

அந்தத் தம்பிக்குத்தான் இந்தக் கட்டுரை. இதே ஜெராயில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி மலை மேல் கொட்டிய மழை, சேறும் பாறையும் மரக்கட்டையுமாகக் கீழே வந்தது. ஆறு உயிர்கள் போயின. யான் வட்டாரத்தில் வீடுகளுக்குள் சேறு நிறைந்தது. மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்யும், வெள்ளம் ஒரே பாய்ச்சலில் வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, துணியைத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அன்றைக்கு இரண்டு காரியங்கள் நடக்கவில்லை. ஓர் அண்ணன் சர்க்கரை இறங்கி மயங்கி விழவில்லை. மூன்று பிள்ளைகளை வெள்ளம் அடித்துப் போகவில்லை. நடக்காத காரியத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? என் வேலையும் அப்படித்தான். "நல்லாத்தானே இருக்கேன், ரத்தக் கொதிப்பு மாத்திரை எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்பது, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகுதான் புரிகிறது. வழிகாட்டிக்குக் கொடுத்த 20 வெள்ளியும் அந்த மாத்திரை மாதிரி. அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் அது வேலை செய்கிறது என்று பொருள்.

வழிகாட்டி இருந்தாலும் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. சில விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

நெஞ்சு வலி உள்ளவர்கள், படியேறினாலே மூச்சு வாங்குபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மலையேறக் கூடாது. இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் ஊசி போடுபவர்களும் கட்டாயம் பசியாறிவிட்டுக் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் சீனி இருக்க வேண்டும். திடீரென்று குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், பசி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வையுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்த பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சிலிப்பர் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். ஊன்றுகோல் பிடித்துச் சின்ன அடியாக இறங்குங்கள். அட்டை கடித்தால் பதற வேண்டாம். நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். எலி மூத்திரம் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2010-ஆம் ஆண்டில் பகாங், மாரான் வட்டாரத்து லூபோக் யூவில் தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணிக்குப் பிறகு, இந்தக் காய்ச்சலாலும் மண்ணிலிருந்து தொற்றும் வேறொரு கிருமியாலும் எட்டுப் பேர் இறந்தார்கள். காட்டுக்கோ ஆற்றுக்கோ போய் வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கடையில் பனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், "காட்டுக்குப் போனேன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னால் உடனே மருந்து உண்டு. சொல்லாவிட்டால் டாக்டர் டெங்கி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

சங்கக் கிளைகளுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு முறை பஸ் பிடித்து ஊர் சுற்றுகிறோம், விருந்து வைக்கிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, பத்துப் பத்துப் பேராக மலைக்கு அனுப்புங்கள். காட்டு இலாகாவின் அனுமதியை முறையாக வாங்குங்கள். பதிவு பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள். அவர் கேட்கும் நியாயக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நம் பிள்ளைகளிலேயே காடு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பயிற்சியை எடுத்து வழிகாட்டிகளாக வரட்டும். அது கௌரவமான தொழில்.

அந்த அக்காள் இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு லயத்துப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துச் சாலையில் நடக்கிறார். அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் ஜெராயாம். பாக்சிக்கிடம் நாள் கேட்டுவிட்டார்கள். கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீங்களும் புறப்படுங்கள். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு மலை இருக்கும்.