கண்ணு துடிச்சா நல்லதா, கெட்டதா?

ஆம்பளைக்கு வலது கண்ணு, பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்லது. எங்க ஆண்டிபட்டில கண் துடிப்புக்கு இன்னைக்கும் இதான் வைத்தியம்! தூக்கம் கெட்டு, டீயா குடிச்சுட்டு திரிஞ்சா கீழ் இமை லேசா துடிக்கும். தானா நின்னுரும். அதுக்கு சகுனம் பாத்துட்டுப் போங்க, தப்பில்ல.

எங்க பெரியம்மா கதை வேற. சக்கம்பட்டில தறி நெய்யுறவங்க. முதல்ல சும்மா சும்மா கண் சிமிட்டல். அப்புறம் ரெண்டு கண்ணும் தானா இறுக மூடிக்கிச்சு. ஆடிக் காத்துலயும் வெயில்லயும் ரோட்டைத் தாண்ட முடியாது. புருவத்துல விரல் வச்சா, பாட்டுப் பாடினா கொஞ்சம் திறக்கும். அதைப் பாத்துட்டு "நடிக்கிறா"ன்னு வீட்லயே பேச்சு. (நானும் சிரிச்சவன்தான்...)

நடிப்பு இல்லீங்க. பிளெஃபரோஸ்பாசம்னு பேரு. கோளாறு கண்ணுல இல்ல, தசைக்கு உத்தரவு போடுற மூளைல. ஏன் வருதுன்னு பெரும்பாலும் பிடிபடறதில்ல. ஒரு பக்க முகமே வாயோட சேர்ந்து இழுத்தா அது வேற நோய். பெரும்பாலும் ரத்தக்குழாய் ஒண்ணு முக நரம்பை அழுத்துறதால வர்றது.

பொட்டாக்ஸ்னா சினிமாக்காரங்க சுருக்கம் போக்குற ஊசின்னுதான நினைச்சிட்டிருக்கோம்? 1989ல அமெரிக்காவுல அதுக்கு முதமுதல்ல அனுமதி கிடைச்சதே மாறுகண்ணுக்கும் இந்த இமை இழுப்புக்கும்தான். மூணு நாலு மாசம் தாங்கும், மறுபடி போடணும். செலவுதான் இடிக்குது.

தேனில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கானா விலக்குல மெடிக்கல் காலேஜ்... ரெண்டும் பஸ் ஏறினா வந்துரும். நாங்க மந்திரிச்ச கயிறு கட்டியே நாலு வருசத்தை ஓட்டினோம்.

பெரியம்மா இப்ப மறுபடி தறில உக்காருறாங்க. அடுத்த ஊசி வர்ற மாசம்.