நீரிழிவும் விழித்திரையும்

கண்ணில் தூசி விழுந்து உறுத்தினால் அப்பொழுதே வைத்தியரிடம் ஓடுகிறோம். வலி ஒன்றுமின்றிப் பார்வை மங்கிக்கொண்டு வந்தாலோ, "வயதாகிவிட்டது, மூக்குக் கண்ணாடியை மாற்றினால் போதும்" என்று மாதக்கணக்கில் வாளாவிருந்துவிடுகிறோம். நீரிழிவு உள்ளவர்கள் இவ்வாறு அசட்டையாக இருப்பது பெருந் தீங்காய் முடியும்.

விழியின் உட்புறம் விரிந்திருக்கும் விழித்திரையின் நடுவே, சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு பாகம் ஒன்று உண்டு. அதைக் கொண்டுதான் எழுத்தைப் படிக்கிறோம். எதிரே நிற்பவரின் முகத்தை அறிகிறோம். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபட்டு நீர் கசியும். அந்நீர் தேங்கி நடுப்பாகம் வீங்கும். நேர்கோடு வளைந்து தோன்றும், எழுத்துக்கள் கலங்கும்.

இதற்குச் சஸ்திர சிகிச்சை உண்டா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் எல்லோருக்கும் வேண்டியதில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சினால் பார்வை இழப்பு சுமார் பாதியாகக் குறையும் என்பதை அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 1985-இல் வெளியிட்டது. இன்று பெரும்பாலோருக்கு, கசிவைத் தூண்டும் பொருளை அடக்கும் மருந்தையே முதலில் கண்ணுக்குள் ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள்.

பின், கத்திக்கு எப்பொழுது வேலை? விழிக்குள் முட்டையின் வெள்ளைக் கரு போன்ற பசைப்பொருள் நிறைந்திருக்கிறது. சிலருக்கு அதன் பின்புறச் சவ்வு தடித்து, விழித்திரையைப் பற்றி இழுக்கும். பாயின் நடுவை ஒருவன் தூக்கிப் பிடித்திருக்கும் வரையில் அது தரையில் படியுமா? அந்தப் பிடியை விடுவிப்பதே சஸ்திர சிகிச்சையின் நோக்கம்.

இதற்கு வழி திறந்தவர் மயாமி நகரில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் மாகெமர். பசைப்பொருளை வெட்டி உறிஞ்சும் நுண்கருவியை அவர் முட்டை வெள்ளைக் கருவில் சோதித்துப் பார்த்து, 1970-இல் நோயாளியின் கண்ணில் கையாண்டார். இம்முறையால் மேற்சொன்ன வீக்கம் வடியக்கூடும் என்பதை 1992-இல் ஹிலல் லூயிஸ் முதலிய வைத்தியர்கள் எடுத்துக் காட்டினர். வெண்விழியில் இடும் மூன்று சிறு துவாரங்களின் வழியே வெட்டுங் கருவியும், விளக்கும், நீர்க்குழாயும் உள்ளே செல்கின்றன.

பலன் எப்படி? அமெரிக்காவில் இவ்விதம் சிகிச்சை பெற்ற 87 கண்களைப் பற்றிய விவரம் 2010-இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களில் நூற்றுக்கு 38 வீதம் பார்வை நன்கு தெளிந்தது. நூற்றுக்கு 22 வீதம் குறைந்தது. பெரும்பாலான கண்களில் வீக்கம் தணிந்தும், பார்வை அந்த அளவுக்குத் திரும்பவில்லை. நெடுநாள் நீரில் ஊறி அழிந்த நரம்பணுக்களை எந்தக் கத்தியாலும் உயிர்ப்பிக்க முடியாது.

ஆகவே வீட்டில் நீரிழிவு உள்ளவர் எவராயினும், பார்வை நன்றாக இருக்கும்பொழுதே, கண்மணியை மருந்தால் விரியச் செய்து விழித்திரையை ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். இடையில் ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். வரி வளைந்தாலும் எழுத்து மறைந்தாலும், கண்ணாடிக் கடைக்கு முன்னால் கண் வைத்தியரிடம் செல்லுங்கள்.