கட்டுச்சோற்றுக்கு இடமுள்ள மேசை

மியூனிக் அக்டோபர்ஃபெஸ்ட்டில் பீர் விலை மறுபடியும் ஏறிவிட்டது. 2024இல் ஒரு லிட்டர் குவளை 13.60 யூரோவில் தொடங்கியது, 2025இல் 14.50 முதல் 15.80 வரை. அந்த ஊருக்கு வேலைக்குப் போகவிருக்கும் நண்பர் மகன் செய்தியைப் படித்துவிட்டு என்னைக் கேட்டான்: "அங்கிள், திருவிழாவை விடுங்க. ஊருக்குள்ளயும் ஊரைச் சுத்தியும் நிம்மதியா உட்கார்ந்து நல்ல பீர் குடிக்க எங்கே போகலாம்?"

முதலில் அகுஸ்டீனர் கெல்லர். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அகுஸ்டீனர் 1328இல் தொடங்கியது, நகரத்தின் ஆறு பெரிய பீர் ஆலைகளில் மூத்தது. விளம்பரமே செய்வதில்லை. அதன் பெரும்பங்கு ஓர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் பீரை இன்றும் மரப் பீப்பாயிலிருந்து ஊற்றித் தருகிறார்கள். உலோகப் பீப்பாயில் வருவதைவிட நுரை மென்மையாக இருக்கும், வாயு உறுத்தாது. சந்தை நடுவில் இருக்கும் விக்டுவாலியன்மார்க்ட் தோட்டத்தில் ஆறு ஆலைகளின் பீரும் முறை வைத்து மாறி மாறி வரும். ஊருக்கு வெளியே என்றால், எஸ்-பான் ரயிலில் ஹெர்ஷிங் போய் இறங்கி, காட்டுப் பள்ளத்தாக்கு வழியே மலையேறினால் ஆண்டெக்ஸ் மடம். பெனடிக்ட் சபைத் துறவிகளின் ஆலை அது. அங்கே கிடைக்கும் இருண்ட டாப்பல்பாக் 7 சதவீதத்துக்கு மேல். ஒரு குவளையோடு எழுந்துவிடுவது நல்லது.

வடக்கே வைஹன்ஷ்டெஃபான் பீர் ஆலையைப் பற்றியும் சொல்லலாம். ஆனால் ஹிர்ஷ்கார்டன் நினைவுக்கு வந்த பிறகு என்னால் பட்டியல் போட முடியவில்லை. சுமார் 8,000 பேர் உட்காரும் தோட்டம். வேலிக்கு அப்பால் மான்கள். குவளையை அலமாரியிலிருந்து நாமே எடுத்து, நாமே கழுவி, வரிசையில் நின்று நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் போயிருந்த அன்று பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் கூடையைத் திறந்தது. கட்டம் போட்ட துணியை விரித்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, உப்புத் தூவிய முள்ளங்கி, பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளரிக்காய் எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. கடையில் வாங்கியது பீரும் எலுமிச்சை சோடாவும் மட்டும். அங்கே படிக்கும் என் தங்கை மகளும் டப்பாவைத் திறந்தாள்: புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காலி குவளைகளை எடுக்க வந்த பணியாளர், "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையின் மேல் எனக்கு உள்ள கோபம் தெரியும். இந்த வாரம் அது இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு திரையரங்கு வாசலில், சர்க்கரை நோயாளியான என் அத்தையின் கைப்பையைத் துழாவி பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர், திருடிப் பிடிபட்டவர்போலத் தலைகுனிந்து நின்றார். சட்டம் அரங்க உரிமையாளர் பக்கம்தான் இருக்கிறது. வெளி உணவைத் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவை மட்டும் விலக்கு. அத்தையின் பொரிகடலைக்கு அதில் இடமில்லை.

மியூனிக் இருக்கும் பவேரியாவில் வீட்டு உணவுக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1539 முதல் அங்கே ஏப்ரல் 23 தொடங்கி செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை இருந்தது. கோடையில் காய்ச்சினால் தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், வெப்பத்தில் பீர் கெடுவது மறுபக்கம். அதனால் கோடைக்கான பீரை மார்ச்சிலேயே காய்ச்சி, ஈசார் ஆற்றங்கரை மேட்டில் ஆழமாகத் தோண்டிய நிலவறைகளில் குளிர்காலத்துப் பனிக்கட்டியோடு சேர்த்து வைத்தார்கள். நிலவறைக்கு மேலே வெயில் விழாமலிருக்க அகன்ற இலையும் ஆழமில்லாத வேரும் உள்ள செஸ்நட் மரங்களை நட்டார்கள். நிழல் இருந்தது, கீழே குளிர்ந்த பீர் இருந்தது. பெஞ்சு போட்டதும் ஊரே அங்கே போனது. நகரத்து விடுதிக்காரர்களுக்குப் பிழைப்பு போயிற்று, அரசரிடம் முறையிட்டார்கள்.

அரசர் முதலாம் மாக்ஸிமிலியான் ஜோசஃப் 1812 ஜனவரி 4இல் தீர்ப்புச் சொன்னார். ஆலைக்காரர்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ரொட்டி தரலாம். வேறு உணவு விற்கக் கூடாது. சாப்பாடு வேண்டியவர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். உணவு விற்பதற்கான தடை பின்னால் நீங்கியது. லிண்டே என்ற பொறியாளரின் குளிர்பதன இயந்திரம் வந்து நிலவறைக்கும் வேலையில்லாமல் போயிற்று. சாப்பாட்டுக் கூடை மட்டும் நிலைத்தது. துணி விரித்த மேசை, கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கு. வெறும் மேசை, கட்டிக்கொண்டு வருபவர்களுக்கு. பீரை மட்டும் அங்கேதான் வாங்க வேண்டும்.

அந்த மக்கள் இதைத் தானாக நடக்கும் என்று விட்டுவிடவில்லை. ஈசார் கரையில் வால்ட்விர்ட்ஷாஃப்ட் என்ற தோட்டம் இரவு ஒன்பதரைக்கே மூட வேண்டும் என்று 1995இல் நீதிமன்றம் சொன்னபோது, 20,000 பேருக்கு மேல் மியூனிக் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். அதன் விளைவாக 1999இல் வந்த அரசு விதி, இரவு 11 மணிவரை தோட்டம் திறந்திருக்க வழி செய்தது. எது பீர் தோட்டம் என்றும் அது வரையறுத்தது: மரநிழல் இருக்க வேண்டும், கொண்டுவந்த உணவைச் சாப்பிட இடம் இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் அந்தச் சலுகை நேரம் கிடையாது.

விற்பவர் நஷ்டப்பட்டுவிடவில்லை. வெறும் மேசையில் உட்காரும் குடும்பம் மூன்று மணி நேரம் இருந்து பீர் வாங்குகிறது, அடுத்த ஞாயிறும் வருகிறது. மாணவரும் ஓய்வூதியக்காரரும் மூன்று பிள்ளைகள் பெற்றவரும் செலவுக்குப் பயப்படாமல் ஒரே நிழலில் உட்கார முடிகிறது. பீரின் ருசிக்கு ஆலையும் பீப்பாயும் காரணம். அந்த இடத்தின் ருசிக்கு இந்த உரிமைதான் காரணம்.

நம் திரையரங்குகளும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் அரசிடம் உரிமம் வாங்கித்தான் நடக்கின்றன. உரிமத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: வீட்டு உணவு கொண்டுவருபவர் உட்கார ஒரு பகுதி இருக்க வேண்டும். அங்கே தண்ணீரும் தேநீரும் உரிமையாளரே விற்கட்டும், லாபம் பார்க்கட்டும். அத்தைகளின் பைகளைத் துழாவும் கைகள் மட்டும் வேண்டாம். தமிழக அரசு இதைச் செய்ய வேண்டும்; செய்யும்வரை இந்தப் பத்தியில் கேட்டுக்கொண்டே இருப்பேன்.