வாய்க்குப் பூட்டா?

முகநூலில் படம் போடுவதும் அரட்டையடிப்பதும் ஆபத்து, பிள்ளைகள் வாயை மூடட்டும் என்கிறார்கள் நம் பெரியவர்கள். 2019 மே 12இல் சிலாபத்தில் நடந்ததைச் சான்று காட்டுகிறார்கள். அதிகம் சிரித்தால் ஒருநாள் அழ நேரும் என்ற பொருளில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் கல்லடி பட்டன. மறுநாள் கொட்டாரமுல்லையில் தச்சர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்த வரியா கொன்றது? உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், முஸ்லிமின் எந்தச் சொல்லிலும் குண்டைத் தேடிய சந்தேகமே கொன்றது. மௌனம் அதைப் போக்காது; வளர்க்கும். நம் நோன்புக் கஞ்சியையும் கருவாட்டு வாடியையும் அயலவர் படத்திலாவது பார்க்கட்டும். நமக்குத் தேவை பூட்டல்ல, அவர்களின் மொழி. சிங்களத்தைப் பரீட்சைக்காக மட்டும் கற்பிக்கிறோம், ஆசிரியர்களே. பக்கத்து வீட்டாரோடு பேசவும் கற்பிப்போம்.